பரண் ஏறிய தண்ணீர்ச் சட்டி

கனகம் ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் அதிலிருந்து அவளைக் கீழே இறக்குவது லேசுப்பட்ட காரியமல்ல. போன வாரம் மருமகள் கங்கா, "பெரும்புதூர்ல ஒரு வாடகை வூடு பார்த்துக்கலாமா?" என்று புருஷனிடம் கிசுகிசுத்தது மாமியார் காதிலும் விழுந்து தொலைத்தது. அந்த நிமிடத்திலிருந்து வீட்டில் பால் திரிந்தாலும் கங்காதான், கோழி முட்டையிடாவிட்டாலும் கங்காதான்.

ஆகவே வியாழக்கிழமை காலை பீமா எழுந்திருக்கவில்லை என்றதும் கனகத்தின் கண் நேராக மருமகளைத்தான் தேடியது.

பீமா என்றதும் யாரோ பயில்வான் என்று புதிதாகப் படிப்பவர்கள் நினைத்துவிட வேண்டாம். முழங்கால் உயரம்கூட இல்லாத வெள்ளைச் சடை நாய். கனகத்தின் புருஷன் நாகப்பன் மண்ணூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் வாட்ச்மேனாக இருந்தபோது, மாற்றலாகிப் போன ஆபீசர் ஒருவர் அதைக் குட்டியாக அவர் கையில் திணித்துவிட்டுப் போனார். "ஆளு இத்துனூண்டு, பேராவது பெருசா இருக்கட்டும்" என்று நாகப்பன்தான் பெயர் வைத்தார். அது ஆயிற்று பல வருஷம். இப்போது பீமாவுக்குப் பல் கொட்டி, ஒரு கண்ணில் பூ விழுந்து, நல்ல கிழப்பருவம்.

பொங்கல் சமயத்தில் அது இளைத்துக்கொண்டே போகவும், ஸ்ரீபெரும்புதூர் மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். டாக்டர் ரகுபதி பரிசோதித்துவிட்டு, கிட்னி கெட்டுவிட்டது என்றார்.

"இது குணமாகிற வியாதி இல்லம்மா. ஆனா பக்குவமா பார்த்துக்கிட்டா நாளை ஓட்டிக்கிட்டே போகலாம்."

அந்தப் பக்குவத்தைக் கனகம் ஒரு விரதம் போல எடுத்துக்கொண்டாள். உப்பில்லாமல் குழைய வடித்த சோறு, வேகவைத்த சுரைக்காய், முட்டையில் வெள்ளைக்கரு மட்டும். கறி கூடாது, எலும்பு கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே தண்ணீர். நினைத்தபோதெல்லாம் அது குடிக்க வேண்டும், சட்டி காயவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். "எனக்கு இந்த மாதிரி ஒரு நாளு பாத்துப் பாத்து சமைச்சிருப்பியா?" என்று நாகப்பன் கேலி செய்வார். மனசுக்குள் அவருக்குப் பெருமைதான்.

குடித்த தண்ணீர் வெளியே வந்துதானே ஆக வேண்டும்? வயசான நாய்க்கு வாசல்வரை அடக்கி வைக்கத் தெரியவில்லை. கூடத்தில் போகும், அடுப்படியில் போகும், சாமி படத்துக்குக் கீழேயும் போகும். துணியும் வாளியுமாகத் துடைத்துத் துடைத்து ஓய்ந்தவள் கங்கா. "என்னால முடியல அத்தை" என்று ஒரு நாள் வாய்விட்டுச் சொல்லியும் விட்டாள். கனகம் அதையும் மறக்கவில்லை.

இதற்கிடையில் ஆடி பிறந்தது. இந்த வருஷம் அம்மன் கரகம் தூக்கும் பாக்கியம் நாகப்பனுக்கு வாய்த்தது. எத்தனையோ ஆடியாக அவர் ஏங்கிக் காத்திருந்த பாக்கியம். மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றைக் காப்பாகக் கட்டியாயிற்று. மஞ்சள் வேட்டி உடுத்தியாயிற்று. காப்பு கட்டியவர் வீட்டில் கவிச்சி கூடாது, சண்டை கூடாது, அசுத்தம் கூடாது. ஞாயிற்றுக்கிழமை கூழ் வார்த்துக் கரகம் இறங்கும்வரை அவர் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. பீமாவுக்கு முட்டை நின்று போனது. "அதை மாட்டுக் கொட்டாயில கட்டுங்க" என்று தெருவில் ஆளுக்கு ஆள் சொன்னார்கள். நாகப்பன் மட்டும், "மழையில நனைஞ்சா ஜன்னி வந்துடும், உள்ளயே இருக்கட்டும்" என்று ஒரே பிடியாக நின்றார்.

அப்படி உள்ளேயே இருந்த பீமாதான் இன்று காலை மஞ்சள் நுரையாக வாந்தி எடுத்துவிட்டுத் துவண்டு கிடந்தது. கனகம் பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தூக்கினாள். தலை அவள் கையிலேயே துவண்டு சாய்ந்தது. வாயில் ஒரு கெட்ட நெடி.

"தண்ணி குடிடா ராசா" என்று சட்டியைத் தேடினாள். சட்டி வழக்கமான மூலையில் இல்லை. அடுப்படியில் இல்லை. கடைசியில் பரண்மேல் கவிழ்ந்து கிடந்தது. உள்ளே சொட்டு ஈரம் இல்லை.

"கங்கா."

கங்கா துடைக்கும் துணியோடு வந்து நின்றாள்.

"இதை யாரு மேல வெச்சது?"

"நான் வெக்கல அத்தை."

"நீ வெக்கல, நானும் வெக்கல. சட்டிக்கு காலு மொளைச்சி தானே ஏறிக்கிச்சா?"

கங்கா துணியை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டு தரையைப் பார்த்தாள். அந்த மௌனம் கனகத்துக்குப் போதுமானதாக இருந்தது.

"துடைக்க நோவுதுன்னா சொல்லியிருக்கணும், நான் துடைச்சிருப்பேன். வாயில்லா ஜீவனுக்குத் தண்ணி காட்டாம கொல்லப் பாத்தியே, உனக்கு மனசு எப்பிடி வந்திச்சி? தனி வூடு வேணுன்னா போயேன். இன்னிக்கே போ. உன்னைப் புடிச்சிக்கினு யாரு நிக்கறாங்க?"

காப்பு கட்டிய வீட்டில் சண்டை கூடாது என்று ஊருக்கே சொன்னவள் கனகம்தான். அது அப்போது அவளுக்கு ஞாபகம் வரவில்லை. தோட்டத்துப் பக்கமிருந்து வந்த நாகப்பன் நிலைப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டார். மணிக்கட்டுக் கயிற்றைத் திருகிக்கொண்டே நின்றார்.

மகன் நரசிம்மன் பவுண்டரியில் முதல் ஷிப்டுக்கு விடியுமுன்பே போய்விட்டான். நாகப்பன் எல்லை தாண்ட முடியாது. ஒரு கையில் நாயும் ஒரு கையில் பையுமாகப் பஸ் ஏறுவது கனகத்தால் ஆகாது. அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே கங்கா ஒரு பழைய புடவையில் பீமாவைச் சுற்றித் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"நான் வரேன் அத்தை."

வேண்டாம் என்று சொல்லக் கனகத்துக்கு வேறு ஆள் இல்லை.

ஊர் எல்லைக் கல்லுக்கு அப்பால், ரோட்டுக்கு எதிர்ப்புறம் பஸ் நிறுத்தம். நாகப்பன் கல் வரைக்கும் கூடவே நடந்து வந்தார். அங்கே நின்றுவிட்டார். பெண்கள் இருவரும் ரோட்டைக் கடந்து நின்றார்கள். சந்தைக்குப் போகும் அதே தெருக் கிளியம்மாள் வெண்டைக்காய்க் கூடையோடு நின்றிருந்தாள். கம்பெனிக்குப் போகும் ஆட்கள் சிலரும் நின்றிருந்தார்கள். சுங்குவார்சத்திரம் பக்கமிருந்து பஸ் வருவது தெரிந்தது.

"கனகம்" என்று எதிர்ப்புறத்திலிருந்து நாகப்பன் கூப்பிட்டார்.

லாரி ஒன்று குறுக்கே போனது. அவள் கையை உயர்த்தி, போய் வருகிறோம் என்று ஜாடை காட்டினாள்.

"கனகம், சட்டிய பரண்ல போட்டது நாந்தான்."

அவளுக்குச் சரியாகக் கேட்டுத்தான் இருந்தது. இருந்தாலும், "இன்னா?" என்றாள்.

ஓர் அடி எடுத்து வைத்தால் கிட்டே வந்து காதோடு சொல்லியிருக்கலாம். அந்த ஓர் அடியைத்தான் அவரால் வைக்க முடியவில்லை. ஆகவே வீட்டுக்குள் மனைவியிடம் சொல்லக் கூச்சப்பட்டதை, நடு ரோட்டைத் தாண்டி, ஊர் கேட்க, தொண்டை கிழியச் சொல்ல வேண்டியதாயிற்று.

"அது உள்ள ஒண்ணுக்குப் போனாத்தானே வெளிய கட்டச் சொல்லுவாங்க? நீ படுத்தப்புறம் தண்ணிய எடுத்து வெச்சிட்டு, விடியறதுக்குள்ள எறக்கிட்டா போவாதுன்னு நெனச்சேன். இன்னிக்கு எறக்க மறந்துட்டேன். கரகம் எறங்கற வரைக்கும்தானேன்னு... அந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல. டாக்டருகிட்ட மறைக்காம சொல்லிடு."

மஞ்சள் வேட்டியோடு கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாட்ச்மேன் உத்தியோகத்தில் எத்தனையோ பேரை அதட்டி நிறுத்தியவர், பஸ்ஸுக்குக் காத்திருந்த அத்தனை பேர் முன்னாலும் தலை குனிந்தார்.

பஸ் வந்தது. நாயை ஏற்ற முடியாது என்றார் கண்டக்டர். "அது கெடக்கற கெடையில உன்னைக் கடிக்க எழுந்திருக்கப் போவுதா? நவுரு" என்று கிளியம்மாள் கூடையாலேயே அவரை ஒதுக்கி வழி பண்ணிக் கொடுத்தாள்.

கங்கா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கனகம் பக்கத்தில். கனகத்துக்கு உடம்பு முழுக்க வெட்கமாக இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் பையின் காதைச் சரிசெய்துகொண்டே வந்தாள்.

"உனக்குத் தெரியுமா?" என்று கடைசியில் கேட்டாள்.

"தெரியும் அத்தை. மாமா எடுத்து வெக்கறத முதல் நாளே பாத்துட்டேன்."

"பின்ன, காலையில அத்தனை பேச்சு பேசினனே, அப்பவாச்சும் சொல்லக் கூடாதா?"

"சொன்னா நீங்க மாமாவோட சண்டைக்குப் போவீங்க. காப்பு கட்டின வூட்டுல சண்டை வரக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

தான் சொன்ன வார்த்தையை இந்த வீட்டில் ஒரு ஆள் இத்தனை சிரத்தையாகக் காப்பாற்றும் என்று கனகம் கனவிலும் நினைத்ததில்லை.

"மாமா படுத்தப்புறம் டம்ளர்ல கொஞ்சம் கொஞ்சம் ஊத்தினேன்" என்றாள் கங்கா. "நேத்து ஊத்தினப்ப அதுவும் குடிக்கல."

ஒரு மாமியார் மருமகளிடம் 'நான் பேசினது தப்பு' என்று சொல்ல எத்தனை வாரம் ஆகும் என்பது தொடர்கதை படிப்பவர்களுக்குத் தெரியாததல்ல. கனகமும் அந்த ஜாதிதான். வார்த்தை தொண்டை வரை வந்து அங்கேயே உட்கார்ந்துகொண்டது. அதற்குப் பதிலாக, "கால் மரத்துப் போயிருக்கும், இப்பிடிக் குடு" என்று பீமாவை வாங்கித் தன் மடியில் போட்டுக்கொண்டாள். பிறகு, கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்து, கேட்டே விட்டாள்.

"அப்ப அந்த வாடகை வூடு?"

"அது வேற விஷயம் அத்தை" என்று சொல்லிவிட்டுக் கங்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்குள் ஸ்ரீபெரும்புதூர் வந்துவிட்டது.

மாட்டாஸ்பத்திரியில் குளம்பு வீங்கிய எருது ஒன்றும் நாலைந்து ஆடுகளும் அவர்களுக்கு முன்னால் காத்திருந்தன. டாக்டர் ரகுபதி பீமாவைப் பார்த்ததும் எருதுக்காரரை நிற்கச் சொல்லிவிட்டு வந்தார். பிடரித் தோலை இரண்டு விரலால் இழுத்து விட்டார். இழுத்த தோல் திரும்பப் படியாமல் அப்படியே நின்றது. வாயை முகர்ந்தார்.

"தண்ணி குடிக்குதா?"

கனகம் ஒன்றையும் மறைக்கவில்லை. காப்பு, பரண், சட்டி எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். கோபம் வந்தால் அவர் செய்கிற காரியம் அது.

"தண்ணிய நிறுத்தினா மூத்திரம் நிக்கும்னு நினைச்சாராக்கும்? இதோட கிட்னிக்கு உடம்புல தண்ணிய பிடிச்சு வைக்கத் தெரியாதும்மா. குடிக்காட்டாலும், உள்ள இருக்கிறதை எல்லாம் வெளியே தள்ளிடும். அதான் வத்திப் போச்சு. இப்ப அதுவும் நின்னு போயிருக்கும். நேத்திலிருந்து ஒண்ணுக்குப் போச்சா?"

"இல்லீங்க" என்றாள் கங்கா. துடைக்கிறவளுக்குத்தானே தெரியும்.

"ராத்திரியில கொஞ்சமாவது தண்ணி காட்டினீங்களா? அதுவும் இல்லாட்டி இங்க தூக்கிட்டு வந்திருக்கவே மாட்டீங்க."

"என் மருமகதான் டாக்டர். டம்ளர்ல ஊத்தியிருக்கா" என்றாள் கனகம். இதைச் சொல்லும்போது அவள் குரல் தேவைக்கு மேலேயே உரக்க வந்தது. எருதுக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

சலைன் பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்துச் சூடேற்றி, கொக்கியில் மாட்டி, ஊசியை பீமாவின் முதுகுத் தோலுக்கு அடியில் செருகினார் டாக்டர். தண்ணீர் இறங்க இறங்கத் தோல் உப்பி, கன்றுக்குட்டிக்குத் திமில் முளைத்த மாதிரி ஒரு மேடு எழும்பியது. பயப்பட வேண்டாம், தானாக உடம்பில் ஊறிவிடும் என்றார்.

"இதைத் தினமும் செய்யணும். தினமும் பஸ்ல தூக்கிட்டு வந்தா நாய் தாங்காது. சொல்லித் தரேன், வீட்டிலேயே போடலாம். கை நடுங்காம ஊசி பிடிக்கிறவங்க யாரு?"

கனகம் யோசிக்கவே இல்லை. "இவதான்" என்று கங்காவை முன்னால் தள்ளினாள்.

கங்காவுக்கு முகம் வெளுத்தது. ஆனாலும் டாக்டர் காட்டியபடி தோலைத் தூக்கிப் பிடித்தாள். ஊசி வைக்கிற இடத்தையும் சாய்க்கிற விதத்தையும் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டாள்.

கிளம்பும்போது டாக்டர் சொன்னார்: "சாயங்காலம் விளக்கு வைக்கிறதுக்குள்ள ஒண்ணுக்குப் போச்சுன்னா, கிட்னியில இன்னும் உயிர் இருக்குன்னு அர்த்தம். மறுபடி பழைய பக்குவத்துக்குக் கொண்டு வந்துடலாம், இன்னும் ஒரு ஆடிகூடப் பார்க்கும். போகலைன்னா நாளைக்குக் கொண்டு வாங்க. அப்ப யோசிக்கலாம்."

அந்த 'யோசிக்கலாம்' என்ன என்று இருவருக்கும் புரிந்தது.

பஸ்ஸை விட்டு இறங்கியபோது நாகப்பன் அதே கல்லின்மேல் உட்கார்ந்திருந்தார். வெயிலில் முகம் கன்றியிருந்தது. வீட்டுக்குப் போகவில்லை, சாப்பிடவில்லை. கனகம் வழியெல்லாம் கோர்த்து வைத்திருந்த திட்டுக்கள் அவரைப் பார்த்ததும் கரைந்து போயின. விஷயத்தைச் சொல்லி நாயை அவர் கையில் கொடுத்தாள். அவர் கங்காவின் பக்கம் பார்க்கத் துணியாமல், "அம்மாடி, காலையில நான் வாயத் தொறந்திருக்கணும்" என்றார்.

"பரவால்ல மாமா. வெயிலு பாருங்க, நடங்க" என்றாள் கங்கா.

அன்றைக்கு மத்தியானம் அந்த வீட்டில் நடந்த கூத்து ஊரில் எந்த வீட்டிலும் நடந்திருக்காது. இத்தனை மாதமாக, ஒண்ணுக்குப் போய்விடாதே போய்விடாதே என்று எந்த நாயைத் துரத்தினார்களோ, அதன் பின்னாலேயே மூன்று பேரும், போயேன் போயேன் என்று கெஞ்சிக்கொண்டு திரிந்தார்கள். நாகப்பன் பீமாவை வேப்பமரத்தடியில் நிறுத்திப் பார்த்தார். குப்பைமேட்டுக்குத் தூக்கிப் போனார். அதற்கு ரொம்பப் பிடித்தமான வைக்கோல் போரின் மூலையில் இறக்கி விட்டார். கங்கா விரலில் தண்ணீர் தொட்டு நாக்கில் வைத்தாள். இரண்டொரு தரம் நக்கியது. கனகம் பக்கத்தில் உட்கார்ந்து அடிவயிற்றைத் தடவிக் கொடுத்தாள். பீமா எல்லாரையும் மாறி மாறிப் பார்த்தது. மற்றபடி ஒன்றும் நடக்கவில்லை.

முதுகுத் திமில் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. பொழுதும் இறங்கிக்கொண்டே வந்தது.

கூடத்தில் சாமி படத்துக்கு எதிரே, பீமாவை மடியில் போட்டுக்கொண்டு நாகப்பன் உட்கார்ந்தார். வாய் எதையோ முணுமுணுத்தது. கனகம் விளக்குத் திரியைக் கையில் வைத்துக்கொண்டு ஏற்றாமல் நின்றாள். ஏற்றினால் டாக்டர் சொன்ன கெடு முடிந்துவிடும் என்று அவளுக்குப் பயம். அது மடத்தனம் என்று அவளுக்கே தெரியும், ஆனாலும் கை வரவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் கோயில் தர்மகர்த்தா அப்பாவு வந்து சேர்ந்தார். ஒரு காலை நிலைப்படிக்கு உள்ளே வைத்தவர், மறு காலை வைக்கவில்லை.

"நாகப்பா, காலையில ரோட்டுல நின்னு நீ கத்தினது ஊரெல்லாம் பரவிக் கீது. காப்பு கட்டின வூட்டுக்குள்ள நாயி அசுத்தம் பண்ணுதுன்னு நாலு பேரு வந்து கேக்கறாங்க. நான் இன்னா பதில் சொல்றது?"

நாகப்பன் பீமாவின் காதைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"ஞாயித்துக்கெழமை வரைக்கும் அதைக் கொட்டாயில கட்டு. மனசு வரலன்னா கரகத்தை வேற ஆளுக்கு விட்டுக் குடு. ரெண்டுல ஒண்ணு இப்பவே சொல்லிடு. நீ எத்தனை வருஷமா ஆசப்பட்டன்னு எனக்கும் தெரியும்."

அந்தக் கரகத்துக்காக அவர் பட்ட ஏக்கம் கனகத்தைவிட யாருக்குத் தெரியும்? நாகப்பன் நிமிர்ந்து அப்பாவுவைப் பார்த்தார். பதில் சொல்ல வாயைத் திறந்தார்.

திறந்த வாய் அப்படியே நின்றது. மெல்லக் குனிந்து தன் மடியைப் பார்த்தார்.

மஞ்சள் வேட்டியில் ஈரம் பரவிக்கொண்டிருந்தது. முதலில் சின்ன வட்டம், பிறகு தொடை முழுக்க, பிறகு மெழுகிய தரை வரைக்கும்.

"மாமா, அசையாதீங்க" என்று கங்கா கிசுகிசுத்தாள். "முழுசா போவட்டும்."

நாகப்பன் அசையவில்லை. மூச்சைக்கூட அடக்கிக்கொண்டார். அவர் தோள்கள் குலுங்கின. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று கனகத்துக்குத் தெரியவில்லை, அவளுக்கும் கண் மறைத்தது. பீமா அலுப்பு தீர்ந்தவன் மாதிரி ஒரு பெருமூச்சு விட்டு, தலையை அவர் முழங்கைமேல் வைத்துக்கொண்டது.

"அது காப்பு வேட்டிடா நாகப்பா" என்றார் அப்பாவு, குரலே எழும்பாமல்.

"ஆமாண்ணே" என்றார் நாகப்பன். நாயை இறக்கி விடவில்லை.

கனகம் விளக்கை ஏற்றினாள். அப்பாவு பதிலுக்காக நிலைப்படியிலேயே நின்றுகொண்டிருந்தார். அவருக்குக் கேட்கட்டும் என்றே அவள் குரலை உயர்த்தினாள். மருமகளை அந்த வீட்டில் அவள் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"கங்காம்மா, அவனுக்குத் தண்ணி கொண்டா. தளும்பத் தளும்ப ஊத்திக் கொண்டா. இங்கயே, சாமிக்கு முன்னாலயே வை."